‘அன்டச்டு’ மலைக்கு அறை வாடகை எவ்வளவு?

கள்ளக்குறிச்சிக்குக் கடல் கிடையாது. பழைய தென்னாற்காடு மாவட்டமாக இருந்தவரைக்கும் கடல் இருந்தது. 1993ல் விழுப்புரம் தனியாகப் பிரிந்தபோதும் மரக்காணம் பக்கம் கொஞ்சம் கடற்கரை கைவசம் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆனதும் அதுவும் போச்சு. மிச்சம் இருப்பது ஒரு மலை. கல்வராயன் மலை.

கடல் இல்லாத ஊரில் காட்டேஜ் வியாபாரிகளின் கண் எங்கே போகும்? மலைக்குத்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்தெந்த வார்த்தைகளை வைத்து அறை விற்றார்களோ அதே வார்த்தைகள் இப்போது மலைக்கும் வருகின்றன. ‘ஹிடன் ஜெம்’. ‘வர்ஜின்’. ‘அன்டச்டு’. ஏற்காடும் ஏலகிரியும் கூட்டமாகிவிட்டன, வாங்க கல்வராயனுக்கு, இங்கே இன்னும் யாரும் வரவில்லை என்கிறார்கள். யாரும் வரவில்லை என்று சொல்லியே எல்லோரையும் வரச் சொல்லுவது ஒரு தனித் திறமைதான் :)

அந்த ‘அன்டச்டு’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் தமிழில் போட்டுப் பாருங்கள். தீண்டப்படாத. அந்த மலை விஷயத்தில் இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு கிடைக்காது. விளம்பரம் எழுதியவருக்குத்தான் அது தெரியாது.

அது ஆளில்லாத காடு இல்லை. மலையாளி என்ற பழங்குடி மக்கள் (கேரளாக்காரர்கள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில்) தலைமுறை தலைமுறையாக இருக்கிற மலை. சாமை, தினை, வரகு விதைத்த மலை. இப்போது மரவள்ளி. காட்டுக்குள் கடுக்காய் பொறுக்குவார்கள், தேன் எடுப்பார்கள். அந்த மலையின் ஒவ்வொரு சரிவுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்கள் எல்லாம் தொட்ட பிறகும் மலை பச்சையாகத்தான் இருக்கிறது. தொடாதது யார் என்று கேட்டால், சர்க்கார்.

கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். நாடு 1947லேயே சுதந்திரம் வாங்கிவிட்டது. கல்வராயன் மலை மட்டும் சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின் கையில் அதற்கப்புறமும் பல வருஷம் இருந்தது. ஜாகிர்தாருக்கு வரி கட்டணும், அவர் நிலத்தில் கூலியில்லாமல் வேலை செய்யணும். அது ஒரு முடிவுக்கு வந்தது 1976ல். அதாவது மலைக்குக் கீழே ஐந்து பொதுத்தேர்தல் நடந்து முடிந்த பிறகு! இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மலைக்காரர் பிறந்தபோது அவர் அப்பாவுக்கு ஜாகிர்தார் இருந்தார்.

அதன் பிறகும் ரொம்ப மாறிவிடவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். நாடே பார்த்தது. அந்தச் சமயத்தில்தான் கல்வராயன் மலை என்ற பெயரே பல பேருக்குத் தெரிந்தது, அதுவும் ‘சாராயம் காய்ச்சுகிற மலை’ என்று. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து அந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றி ஒரு வழக்கை எடுத்தது. சாலை, ஆஸ்பத்திரி, ரேஷன், பள்ளிக்கூடம் என்று அரசிடம் ஒவ்வொன்றாகக் கேட்டது. முதலமைச்சரோ அமைச்சரோ நேரில் போய்ப் பார்க்கலாமே என்றுகூடச் சொன்னது. ஒரு கோர்ட் அதைச் சொல்லவேண்டிய நிலையில் இருக்கிற இடத்துக்குப் பெயர்தான் விளம்பரத்தில் ‘அன்டச்டு’.

ரோடு இல்லாத குக்கிராமத்தில் பிரசவ வலி வந்தால் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அதே ரோடு இல்லாத பாதை, வாரக்கடைசியில் மேலே போகிறவருக்கு ‘ஆஃப்ரோடு எக்ஸ்பீரியன்ஸ்’. செல்போன் டவர் எடுக்கவில்லை என்றால் ஊர்க்காரர் 108க்குக் கூப்பிட முடியாது. போகிறவருக்கு அது ‘டிஜிட்டல் டீடாக்ஸ்’. ஒருத்தருடைய இல்லாமையை இன்னொருத்தருக்குப் பேக்கேஜ் போட்டு விற்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம்.

சரி, கணக்குக்கு வருவோம். பி.காம் முதல் வருஷம் எகனாமிக்ஸ் பேப்பரில் டேவிட் ரிகார்டோ என்று ஒருத்தர் வருவார். 1817ல் புத்தகம் போட்டவர். பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி எல்லோரும் மனப்பாடம் செய்து மறுநாள் மறந்துபோகிற ஆசாமி. அவர் சொன்ன வாரக் கோட்பாடு கல்வராயன் மலைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் டபுள் ரூம் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கட்டில், அதே மெத்தை, அதே ஃபேன், அதே பிளாஸ்டிக் பக்கெட்டை மலைமேல் கொண்டுபோய் ஒரு ஓட்டு வீட்டுக்குள் போட்டால் 3,500 ரூபாய். (இவை உதாரணக் கணக்குதான். எந்த லாட்ஜின் ரேட் கார்டும் இல்லை.) வித்தியாசம் 2,700. மலைக்குச் சிமெண்ட், கம்பி ஏற்றும் லாரி வாடகை அதிகம்தான், தண்ணீருக்கும் செலவு உண்டு, அதற்கு 500 கழித்துவிடலாம். மிச்சம் 2,200 எதற்கு? கட்டிலுக்கு இல்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வருகிறதே, அதற்கு. அருவிச் சத்தத்துக்கு. இருட்டுக்கு, அமைதிக்கு.

அந்த 2,200ஐ காட்டேஜ் முதலாளி உற்பத்தி செய்யவில்லை. மேகம் அவர் முதலீடு இல்லை. காட்டை அவர் நடவில்லை, காவல் காக்கவில்லை. ரிகார்டோ பாஷையில் அது லாபமே கிடையாது, வாரம். நிலத்தின் இயல்பால் வருவது. நிலத்தின் இயல்பைக் காத்தவர்களுக்குப் போகவேண்டியது. ஆனால் எந்த காட்டேஜின் பேலன்ஸ் ஷீட்டிலும் ‘மேகம்’ என்று ஒரு வரி கிடையாது. கட்டடத்துக்குத் தேய்மானம் எழுதுகிறார்கள். ஜெனரேட்டருக்கு எழுதுகிறார்கள். கட்டிலுக்கும் எழுதுகிறார்கள். காடு தேய்கிறதே, அதற்குத் தேய்மானம் எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுதுவதில்லை. வாங்காத சொத்துக்கு எப்படி எழுதுவது?

“ஊர்க்காரங்களுக்கு வேலை கிடைக்குதே” என்பது உடனே வருகிற பதில். கிடைக்கிறது. மறுக்கவே வேண்டாம். அதையும் கணக்குப் போட்டுவிடலாம். 8 அறை, வாரத்துக்கு 2 ராத்திரி நிறைகிறது, வருஷத்துக்கு 40 வாரம். 22 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் வரவு. ஊர்க்காரர் 4 பேருக்கு மாசம் 9,000 சம்பளம் என்றால் வருஷத்துக்கு 4 லட்சத்து 32 ஆயிரம். ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மேனேஜர் வெளியூர், சமையல் மாஸ்டர் வெளியூர், மளிகை கீழேயிருந்து. மலைக்காரருக்கு எந்த வேலை? படுக்கை விரிப்பு துவைப்பது, கக்கூஸ் கழுவுவது, ராத்திரி கேட்டில் உட்காருவது. தன் மலைக்குத் தானே வாட்ச்மேன்!

அந்தச் சம்பளமும் வேண்டாம் என்று தூக்கி எறிகிற நிலையில் அங்கே யாரும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வேலை இல்லாமல்தான் மலை இளைஞர்கள் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் போகிறார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப்போகிற தரகர்களிடமும் மாட்டுகிறார்கள். 2015 ஏப்ரல் 7ல் சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் பலர் பக்கத்திலிருக்கிற ஜவ்வாது மலை, சித்தேரி மலைக்காரர்கள். அந்தச் சாவோடு ஒப்பிட்டால் காட்டேஜில் கக்கூஸ் கழுவுவது சொர்க்கம்தான். ஆனால் ஒருத்தர் முன்னால் வைக்கிற இரண்டு வழியும் இவ்வளவுதான் என்றால், அதைப் போய் ‘வேலைவாய்ப்பு வளர்ச்சி’ என்று மேடையில் பேசக் கூச்சமாக இருக்கவேண்டும்.

இதற்கு எதிர்க் கோஷ்டி ஒன்றும் இருக்கிறது. இயற்கை ஆர்வலர்கள். “ரோடே போடாதீங்க, கரண்ட் கம்பம் நடாதீங்க, மலை மலையாவே இருக்கட்டும்” என்று உருகுவார்கள். காட்டேஜ்காரரைவிட இவர்கள் ஆபத்தானவர்கள் என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும். மலை மலையாக இருக்க வேண்டும் என்பதற்காக அங்கிருக்கிற குழந்தை எட்டாம் வகுப்போடு நிற்க வேண்டுமா? இவர் வீட்டு வாசல்வரைக்கும் தார் ரோடு, அடுத்தவர் வீட்டுக்கு ஒற்றையடிப் பாதை. காட்டேஜ்காரர் மலையை வாடகைக்கு விடுகிறார், இவர் மலையை மியூசியத்தில் வைக்கிறார். மலைக்காரரிடம் கேட்கவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றுவதில்லை.

ரோடு வேண்டும். கண்டிப்பாக வேண்டும். ஆனால் ரோடு வந்த பின்னாடியே யார் வருகிறார் என்பதுதான் கேள்வி. ஏற்காட்டில் என்ன நடந்தது? 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பி கொண்டுவந்தார். காப்பிக்குப் பின்னால் எஸ்டேட் வந்தது, எஸ்டேட்டுக்குப் பின்னால் பங்களா, பங்களாவுக்குப் பின்னால் காட்டேஜ். அங்கேயும் இருந்தவர்கள் மலையாளிகள்தான். இன்றைக்கு ஏரிக்கரையில் நின்று எந்தக் கட்டடத்தின் மேல் அவர்கள் பெயர் இருக்கிறது என்று தேடிப்பார்க்கலாம். நல்ல பொழுதுபோக்கு.

இன்னும் மேலே போனால் ஊட்டியும் கொடைக்கானலும். அங்கே வண்டிகள் நெருக்கியடித்து, கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7லிருந்து இ-பாஸ் வாங்கித்தான் போகவேண்டும் என்றாகிவிட்டது. 2025 சீசனில் அதற்கு உச்சவரம்பும் வந்தது. வார நாளில் ஊட்டிக்கு 6,000 வண்டி, வாரக்கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. முதலில் விற்பது, பிறகு நிரம்புவது, பிறகு கோர்ட்டுக்குப் போவது. அதற்குள் விற்றவர் அடுத்த ‘அன்டச்டு’ மலைக்குப் போய்விடுவார். கல்வராயன் அந்த வரிசையில் அடுத்த நம்பர். இன்றைய தேதிக்கு ஏலகிரி அளவுக்கு வரவில்லை. கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவி, கரியாலூர் படகுத்துறை, வருஷத்துக்கு ஒரு கோடை விழா என்ற அளவில்தான் இருக்கிறது. பேசவேண்டிய நேரம் இதுதான், கட்டி முடித்த பிறகு பேசினால் கடப்பாரைதான் பேசும்.

கடப்பாரை பேசிய கதை கேரளாவில் இருக்கிறது. வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்து என்ற தீவு. அதில் காப்பிகோ என்ற ரிசார்ட், 54 வில்லா. கடலோர ஒழுங்குமுறைச் சட்டத்தை மீறிக் கட்டியது. எதிர்த்து முதலில் கோர்ட்டுக்குப் போனவர்களில் அந்தக் காயலில் ஊன்றுவலை கட்டிப் பிழைக்கிற மீனவர்கள் இருந்தார்கள். 2013ல் கேரள உயர் நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2022 செப்டம்பரில்தான் இடிக்கவே ஆரம்பித்தார்கள். ஒரு வலைக்காரருக்கு நியாயம் கிடைக்க ஆன வருஷங்களை எண்ணிக்கொள்ளுங்கள். நீலகிரி சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன கதையும் இதே மாதிரி. உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2011, உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2020 அக்டோபர்.

கடற்கரைக்கு இத்தனை ஓட்டை இருந்தாலும் ஒரு சட்டமாவது இருக்கிறது. 1991ல் வந்த அறிவிக்கை ஊர்ப்புறக் கடற்கரையில் அலை ஏற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புதிதாகக் கட்டக்கூடாது என்றது. 2019 ஜனவரியில் வந்த புது அறிவிக்கை, ஜனம் நெருக்கமாக இருக்கிற ஊர்ப்புறங்களில் அதை 50 மீட்டர் ஆக்கிவிட்டது. நடுவில் 2004 சுனாமி. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் மீனவர்களுக்கு என்ன சொன்னார்கள்? கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் வந்தால் புது வீடு, அங்கேயே இருப்பேன் என்றால் உதவி கிடையாது. மீனவர் தள்ளிப்போகணும், உல்லாச விடுதி கிட்டே வரலாம். கடலுக்கு யார் ஆபத்து, யாருக்குக் கடல் ஆபத்து என்ற கணக்கே தலைகீழ்.

மலைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: கல்வராயனில் பிறக்கிற கோமுகி, மணிமுக்தாவில் சேர்கிறது. மணிமுக்தா வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகிறது. மேகம் அருவியில் வீசுகிற பாட்டிலுக்குப் போய்ச்சேரும் விலாசம் இருக்கிறது.

இப்போது மலைக்கு என்ன சட்டம் இருக்கிறது என்று பார்த்தால் தலை சுற்றும். அரசியல் சாசனத்தின் ஐந்தாவது அட்டவணையில் பழங்குடிப் பகுதிகள் என்று அறிவிக்கப்பட்ட இடங்கள் 10 மாநிலங்களில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு சென்ட் கிடையாது. அதனால் பழங்குடி கிராமசபைக்குத் தனி அதிகாரம் தருகிற 1996ஆம் வருஷச் சட்டமும் இங்கே செல்லாது. ஆந்திராவில் 1970லேயே ஒரு சட்டம் போட்டார்கள், அட்டவணைப் பகுதியில் இருக்கிற நிலத்தைப் பழங்குடி அல்லாதவருக்கு விற்கவே முடியாது என்று. அந்த மாதிரி ஒரு சட்டம் இங்கே இல்லை. சமூக நீதி பற்றி இந்தியாவுக்கே பாடம் எடுக்கிற மாநிலத்தில்! மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சியும் இதற்குப் பதில் சொல்லணும்.

2006 வன உரிமைச் சட்டம் ஒன்றுதான் கையில் இருக்கிற ஆயுதம். அதுவும் தமிழ்நாட்டில் பட்டா கொடுப்பது பல வருஷம் கோர்ட் உத்தரவில் முடங்கிக் கிடந்து, 2016ல் உச்ச நீதிமன்றம் வழிவிட்ட பிறகுதான் நகர்ந்தது. பத்து வருஷத் தாமதம் சாதாரண விஷயமில்லை. காகிதம் இல்லாத நிலத்துக்கு பேங்க் லோன் கிடைக்காது. லோன் இல்லாதவர் நாலு அறை கட்ட முடியாது. கட்ட முடியாதவர் நிலத்தைக் கீழேயிருந்து காரில் வருகிறவருக்குக் கொடுத்துவிட்டு அவர் கேட்டிலேயே உட்கார்ந்திருப்பார். இதை ‘அவங்களுக்கு பிசினஸ் மைண்ட் இல்லை’ என்று சொல்லுகிற புத்திசாலிகள் எல்லாக் கல்லூரி கேன்டீனிலும் இருக்கிறார்கள்.

பிசினஸ் மைண்ட் பற்றி சந்தேகம் இருந்தால் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பார்க்கலாம். கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் நடுவில், தருமபுரி மாவட்டத்தில், சிட்டிலிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. 1993ல் ரெஜி, லலிதா என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. உள்ளூர்ப் பெண்களையே நர்ஸாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். அதற்கப்புறம் அங்கத்து விவசாயிகள் இயற்கை விவசாயச் சங்கம் அமைத்து, விளைந்ததைத் தாங்களே விற்கிறார்கள். லம்பாடிப் பெண்கள் மறந்துபோன எம்பிராய்டரியை மீட்டு அதையும் தொழிலாக நடத்துகிறார்கள். அதே மாதிரி மலை, அதே மாதிரி ஜனம். வித்தியாசம் ஒன்றுதான்: தொழில் யார் பெயரில் இருக்கிறது என்பது.

தங்கும் அறையையும் அப்படி நடத்த முடியாதா என்ன? மலைக்காரர் வீட்டோடு ஒட்டி இரண்டு அறை. பட்டா அவர் பெயரில், கணக்கு மகளிர் குழுவில், எத்தனை வண்டி மேலே வரலாம் என்று சொல்லுகிற அதிகாரம் கிராமசபையில். சாமைச் சோறும் கீரையும் அவர்கள் சமையல். லோனுக்கு அரசு ஜாமீன் நிற்கட்டும், கம்பெனிகளுக்கெல்லாம் நிற்கிறதே! முதலில் வன உரிமைப் பட்டா, அடுத்து நிலம் கைமாறுவதைத் தடுக்கிற சட்டம், அதற்கப்புறம் சுற்றுலா விளம்பரம். இந்த வரிசை மாறினால் என்ன செய்தாலும் ஏற்காடுதான். ஏசியும் நீச்சல்குளமும் கேட்கிறவர்கள் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஈசிஆர் இருக்கிறது, போகட்டும்.

வருகிற லாங் வீக்கெண்டுக்குப் பைக் எடுத்துக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாக மேலே ஏறத் திட்டம் போட்டிருப்பவர்கள் கிளாஸுக்கு நாலு பேராவது இருப்பார்கள். தாராளமாகப் போகட்டும். ரூம் புக் செய்ய போன் போடும்போது வைஃபை இருக்கா, கேம்ப்ஃபயர் உண்டா என்று கேட்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “அண்ணே, இடம் யார் பேர்ல இருக்கு?”

எதிர்முனையில் எவ்வளவு நேரம் சத்தம் வரவில்லை என்று வாட்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.